நாலடிப் பாலம்

எல்ஸி இன்னொரு வாளித் தண்ணீரைக் கோணிச் சாக்குகளின் மேல் ஊற்றினாள். சாக்குகள் கறுத்து, வாசலில் புதிதாகக் கட்டிய பாலத்தின் சிமெண்டோடு ஒட்டிக்கொண்டன. மிச்சத் தண்ணீர் ஓரமாக வழிந்து கீழே லோங்காங் சாக்கடையில் சொட்டியது. அவளுக்குப் பின்னால், கதவு திறந்து கிடந்த கூடத்தில், மெழுகுவர்த்திகளுக்கு நடுவே பெட்டியில் அப்பா படுத்திருந்தார்.

"ஏய், என்னடி பண்ற?" பக்கத்து வீட்டு வீரம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அப்பாவ உள்ள வச்சிக்கிட்டு இங்க வந்து தண்ணி ஊத்திக்கிட்டு இருக்க. கிறுக்கு புடிச்சிருச்சா?"

"காலையில ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் ஊத்தணும்க்கா. இல்லாட்டி சிமெண்டு வெடிச்சிரும்."

"யாரு சொன்னா?"

"அப்பா."

வீரம்மா வேலியை விட்டாள். பிறகு சுற்றிக்கொண்டு வந்து வாளியை வாங்கினாள். "அந்த மூல காஞ்சு கெடக்கு பாரு" என்று சொல்லி அங்கே ஊற்றினாள்.

ஜெலாப்பாங்கில் அந்த வரிசை வீடுகளுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஆளுயர ஆழத்தில் லோங்காங் ஓடியது. மற்றவர்கள் தத்தம் வாசலில் சொந்தமாகப் பாலம் கட்டிக்கொண்டார்கள். எல்ஸியின் வீட்டு வாசலில் ஒரு பலகைதான் கிடந்தது. அவளுக்கு ஏழு வயதாக இருந்தபோது, எழுபத்தாறில், ரப்பர் தோட்டத்து லாரி கவிழ்ந்து அப்பா சவரிநாதனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. தோட்டத்தை விட்டு இங்கே வந்த பிறகு அவர் வெளியே போகவேண்டுமென்றால், நாலு பேர் சக்கர நாற்காலியோடு தூக்கிப் பலகையைத் தாண்டவேண்டும். ஒரு பெரிய வெள்ளிக்கிழமை, கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனபோது பலகை புரண்டது. நாற்காலியும் அவரும் லோங்காங்கில் விழுந்தார்கள். ரோடு முழுக்க ஆட்கள் நின்று பார்த்தார்கள். சேறு வழியும் முகத்தோடு முதலில் சிரித்தவர் அப்பாதான். வீட்டுக்குள் வந்த பிறகுதான் அம்மாவிடம் சொன்னார்.

"உசுரோட இருக்கறவன நாலு பேரு தூக்கப்படாது ரோசு. இனிமே நானா போனாத்தான் போவேன்."

அதன் பிறகு அவர் வாசலைத் தாண்டவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாருடைய சைக்கிள், யாருடைய மோட்டார் என்று சத்தத்தை வைத்தே சொல்வார்.

நகராண்மைக் கழகத்தில் லோங்காங் வேலை செய்த மாயாண்டி அவருடைய தோட்டத்துச் சிநேகிதர். அவர்தான் ஆபீசில் சொல்லி, பாலத்துக்கு அளவெடுக்க ஆளைக் கூட்டிவந்தார். வந்தது ஒரு சின்ன வயது மலாய்க்காரர். வழக்கமாக வருகிறவர்கள் எல்லாம் நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் அம்மாவிடம்தான் பேசுவார்கள். இவர் அப்பாவின் முன்னால் குந்தி உட்கார்ந்து, "பாக்சிக், மூன்றடி அகலம் போதுமா?" என்று மலாயில், மாமா முறை வைத்து, அவரையே கேட்டார். அப்பா சக்கரத்தைப் பிடித்து ஒருமுறை சுழன்று காட்டி, நாலு வேண்டும் என்றார். அந்தக் கதையை அந்த வாரம் முழுக்க வருகிறவர்கள் எல்லாருக்கும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சிமெண்டு ஊற்றினார்கள். கம்பி கட்டி, ரோடுவரை சரிவாக, நாலடி அகலத்தில். ஏழு நாளைக்கு ஒன்றும் ஏறக்கூடாது என்று மாயாண்டி சொல்லிவிட்டுப் போனார். மணிக்கொரு தரம் அப்பா வாசலுக்கு உருட்டிக்கொண்டு வருவார். "காஞ்சிருச்சா எல்ஸி?" "இன்னும் இல்லப்பா." "காயட்டும், காயட்டும். ரோசு, அதுல நடக்கணும்னா எனக்கு டோல் கட்டணும் ஆமா." புதன்கிழமை அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அம்மா கெஞ்சினாள். இத்தனை நாள் பொறுத்தாச்சு, ஞாயிற்றுக்கிழமை என் பாலத்தில் நானே போகிறேன் என்றார். வெள்ளி விடியும்போது அவர் இல்லை; அன்றைக்கே அடக்கம். ஞாயிறு பூசைக்கென்று அம்மா தேய்த்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையைத்தான் இப்போது போட்டிருந்தார்.

எல்ஸிக்குக் கூடத்துக்குள் போகப் பயமாக இருந்தது. அசையாமல் கிடந்த அப்பாவின் கைகளைப் பார்க்கப் பயம். அதைவிட, வாசற்படிக்கு வரும்போதெல்லாம் "இன்னும் இல்லப்பா" என்று வாய்வரை வந்துவிடுகிறதே, அது பெரிய பயம்.

கமுந்திங்கிலிருந்து வந்திருந்த சித்தப்பா ஆம்புரோஸ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"சாமியார் கோயில்ல காத்துக்கிட்டு இருப்பாரு. வண்டியும் ரோட்டுல வந்து நிக்கிது. வீரம்மாக்கா, ஒங்க வேலியக் கொஞ்சம் பிரிச்சிக்கிறோம். ஒங்க பாலத்து வழியா தூக்கிட்டுப் போயிர்றோம்."

"பிரிங்க தம்பி, அதுக்கென்ன."

"வேணாம் சித்தப்பா."

சொன்னது தான்தானா என்று எல்ஸிக்கே தெரியவில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்பா அவரு பாலத்துல போகட்டும்."

"அது இன்னும் காயலடி. ஆறு பேரு பெட்டியோட ஏறி, மறுபடியும் உள்ள விழுந்தா? ஊரே நிக்கிது."

"தூக்க வேணாம். உருட்டிக்கிட்டுப் போலாம்."

ஆம்புரோஸ் மாயாண்டியைப் பார்த்தார். மாயாண்டி பாலத்தின் ஓரத்தில் குந்தி, சாக்கைத் தூக்கி, கம்பியால் தட்டிப் பார்த்தார்.

"ஏழு நாளுன்னு ரூலு. அஞ்சு நாளுதான் ஆவுது. ஆறு பேரு சேந்து அடிவச்சா தாங்குமான்னு கேட்டா, எனக்குத் தெரியாதுப்பா. ரெண்டு பலகையப் போட்டு அதுமேல மெதுவா உருட்டுனா..." அவர் தாடையைச் சொறிந்தார். "ஸ்டோர்ல எங்க வண்டி ஒண்ணு இருக்கு. லோங்காங் மூடி ஏத்துற வண்டி. அதப் பாத்துக்குற மண்டோர் நம்ம ஆளுதான், கேட்டா குடுப்பாரு."

"சாக்கட வண்டியிலயா எங்கண்ணன?" ஆம்புரோஸின் குரல் உயர்ந்தது. "கூடப் பொறந்தவன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்!"

மாயாண்டி அதற்குள் மோட்டாரைக் கிளப்பிவிட்டார். திரும்பி வந்தபோது இன்னோர் ஆள் பின்னால், வீரம்மா வீட்டுப் பாலத்தைச் சுற்றி, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். நாலு ரப்பர் சக்கரம், மேலே தட்டையான பலகை. இன்னும் ஈரமாக இருந்தது.

ஆம்புரோஸ் வாசற்படியில் குறுக்கே நின்றார். உள்ளே செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். விடிந்ததிலிருந்து பெட்டியின் தலைமாட்டை விட்டு எழாத அம்மா எழுந்து வெளியே வந்தாள். வண்டியின் பலகையைத் தடவிப் பார்த்தாள்.

"கழுவுனீங்களாண்ணே?"

"சோப்புப் போட்டு ரெண்டு தரம் கழுவிட்டேன் தங்கச்சி."

அம்மா உள்ளே போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்து, பூப்போட்ட விரிப்பை உதறி, வண்டியின் மேல் விரித்தாள். நான்கு மூலையையும் இழுத்துச் சரிசெய்தாள்.

"அண்ணி," ஆம்புரோஸ் மெதுவாகச் சொன்னார். "அன்னிக்குப் பலக புரண்டப்ப கை நழுவுனது எனக்குத்தான். இன்னிக்கு ஒருதரம் சரியாத் தூக்கிர்றேன்."

"தெரியும் தம்பி." அம்மா அவர் தோளில் கைவைத்தாள். "நீங்க முன்னால நின்னு வழி பாத்து வாங்க. அவ தள்ளட்டும்."

சாக்குகளை எடுத்தார்கள். அடியில் பாலம் வெளிறிச் சாம்பல் நிறத்தில் கிடந்தது. மாயாண்டி பலகைகளை நீளவாக்கில் போட்டார்.

"நான் மொதல்ல நின்னு பாக்குறேன்" என்றாள் எல்ஸி.

"ஒன்னோட எடைக்குத் தெரியாதும்மா."

"பரவால்ல மாமா."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். காலடியில் சில்லென்று இருந்தது. நடுவில் போய் நின்று கீழே பார்த்தாள். கறுப்புத் தண்ணீரில் தன் பாவாடையின் நிழல் ஆடுவது தெரிந்தது. அப்பா கடைசியாக விழுந்த இடம். இறங்கி ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒருதரம் குதித்தாள்.

"ஏய் போதும்லா!" என்று கத்தினார் மாயாண்டி. "வெறுமனே நில்லுன்னா, பாலத்துல பாண்டி ஆடுறா!"

யாரோ சிரித்துவிட்டு, உடனே அடக்கிக்கொண்டார்கள்.

கூடத்திலிருந்து வாசற்படிவரை தூக்கித்தான் ஆகவேண்டியிருந்தது. ஆம்புரோஸ் தலைமாட்டைப் பிடித்தார். அந்த இரண்டு மூன்று எட்டுக்கும் அவர் விரல்கள் வெளுத்துப்போய் இருந்தன. பெட்டி விரிப்பின் மேல் அமர்ந்தது.

எல்ஸி வண்டியின் கைப்பிடியைப் பிடித்தாள். முதலில் நகரவே இல்லை. பிறகு மெல்ல நகர்ந்தது. ஆம்புரோஸ் பின்னால் பின்னால் அடியெடுத்து, இரண்டு கைகளாலும் இப்படி வா, இப்படி வா என்று காட்டினார். மாயாண்டி முழுக்கால் சட்டையோடு லோங்காங்குக்குள் இறங்கி நின்று, பாலத்தின் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

எல்ஸி நின்றுவிட்டாள். அவள் காதுக்குள் அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது. அம்மா செபமாலையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"பலகதான்," கீழேயிருந்து மாயாண்டியின் குரல் வந்தது. "வெடிப்பு இல்ல. போலாம்... போலாம்லா."

அவள் தள்ளினாள். சரிவில் வண்டி தானாகவே இறங்கப் பார்த்தது. பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அப்பா இருந்தால் இந்த இடத்தில் கையை எடு எடு என்று அதட்டியிருப்பார். ரப்பர் சக்கரங்கள் பலகையிலிருந்து இறங்கி, தாரைத் தொட்டன.

ரோட்டில் சவ வண்டியருகே நின்றவர்கள் பெட்டியை வாங்கக் கை நீட்டிக்கொண்டு வந்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்கள்.

கேரியரில் கீரைக் கூடை கட்டிக்கொண்டு வந்த சீனக் கிழவர் ஒருவர் சைக்கிளைப் பிரேக் பிடித்து, ஒரு காலை ஊன்றி நின்றார். முன்னால் நடந்த ஆம்புரோஸை அவர் பார்க்கவில்லை. தள்ளிக்கொண்டு நின்ற எல்ஸியையும் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்து, முதலில் நீ போ என்பதுபோல் கையை அசைத்தார்.