யாருக்கு இன்னா ஆச்சு?

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் கடைக்கு நடந்து வந்தது. பாகூர் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இடையிடையே கதையும் எழுதுவேன். இரண்டில் எது பிழைப்பு என்று யாராவது கேட்டால் ஜெராக்ஸ் மெஷினைக் காட்டுவேன்.

கஸ்தூரி தன் ஆய்வேட்டை அத்தியாயம் அத்தியாயமாகப் பிரிண்ட் எடுக்க வருகிறவள். புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் பிஎச்.டி. செய்கிறாள், நெல் வயல்களில் உப்பு ஏறுவதைப் பற்றி. கைடு சிவப்பு மையில் கிறுக்கித் தள்ளிய பக்கங்களை எடுத்துக்கொண்டு போகாமல் என்னிடமே விட்டுவிடுவாள். அவற்றின் பின்பக்கத்தில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். தாளைத் திருப்பினால் ஏம்பலத்து வயல் மண்ணின் கணக்கு இருக்கும்.

அவள் நெடுந்தூரம் ஓடுகிறவளும்கூட. இப்போது ஓடுவதில்லை. அவள் மறுபடி ஓடுவாளா என்பதுதான் கதை. பெரிய மர்மம் ஒன்றும் இல்லை, முன்னாடியே சொல்லிவிட்டேன்.

2

எத்தனையோ தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

‘விடியற்காலை ஏரிக்கரையைப் பனி மூடியிருந்தது. அந்தப் பனியைக் கிழித்துக்கொண்டு ஒரு பெண்—’

வேண்டாம். ஏரியில் பனியைவிடக் கொசுதான் அதிகம்.

‘ஓட்டம் என்பது தன்னைத் தானே—’

ஐயோ சாமி. இதை எழுதிய கையை நானே ஒரு தட்டு தட்டிக்கொண்டேன்.

‘கஸ்தூரியின் அப்பா பக்கிரி, ஏரிப் பாசனத்தில் நெல்லும் கொஞ்சம் கரும்பும் வைத்திருந்தார்.’

பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது. இருந்தாலும் இருக்கட்டும். பக்கிரி இல்லாமல் இந்தக் கதை ஒரு அடி நகராது.

[கஸ்தூரியை நான் ரொம்ப நல்லவளாக எழுதிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. உண்மையில் அவள் சிடுசிடுப்புக்காரி. மார்ஜின் கொஞ்சம் நகர்ந்திருந்தால் கடையையே ரெண்டாக்கிவிடுவாள். கைடு ஏதாவது சொன்ன அன்றைக்கு அவளிடம் வாய் கொடுக்கவே முடியாது.]

அவளுடைய நாள் இப்படி. இருட்டோடு எழுந்து ஏரிக்கரையில் ஓட்டம். திரும்பி வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, குளித்து, பஸ் பிடித்து, நின்றுகொண்டே நகரத்துக்கு. சாயங்காலம்வரை லேப். சில நாள் மண் எடுக்கக் கரிக்கலாம்பாக்கம் பக்கம் போவாள். ஒருமுறை மண் எடுத்த வயலில் அடுத்த முறை மனைக்கல் நட்டிருப்பார்கள். அன்றைக்கு என் கடையில் உட்கார்ந்து கத்துவாள். ராத்திரி எழுத உட்கார்ந்தால் தூக்கம். ஆனால் காலையில் ஓடும்போது மட்டும் ஆய்வேட்டின் வாக்கியங்கள் தானாக வரிசை கட்டும் என்பாள். “ஓடாத நாள்ல ஒரு வரி வராதுக்கா. குந்தி யோசிச்சா தலைவலிதான் வருது.”

ஓடப் போகும்போது போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவாள். கைடு விடியற்காலையிலேயே மெசேஜ் போடுகிறவர். அந்த ஒரு பொழுதாவது அவர் இல்லாமல் இருக்கட்டும் என்று.

இந்தப் போன் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கெட்டிக்கார எழுத்தாளர் இதை மறைத்து வைத்திருப்பார். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

3

எங்கள் பக்கத்தில் யாரும் சும்மா ஓடுவதில்லை. ஒருவர் ஓடினால் எங்கேயோ ஒருவர் விழுந்திருக்கிறார் என்று அர்த்தம். அதனால் ஓடுகிறவரைப் பார்த்தால் வண்டியை நிறுத்திவிடுவோம்.

கஸ்தூரி ஓட ஆரம்பித்த புதிதில் அத்தனை வண்டியும் நின்றது.

“இன்னாமா, யாருக்கு இன்னா ஆச்சு?”

“ஒண்ணும் இல்லண்ணே, சும்மா ஓடறேன்.”

“சும்மாவா? எவனாச்சும் சும்மா ஓடுவானா? ஏறு, வூட்ல வுட்டுட்றேன்.”

ஒரு பெரியவர் நம்பவே இல்லை. அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டு வாசலில் இறக்கி, “பொண்ண கேளு மகாலட்சுமி, இன்னாவோ மறைக்கிது” என்று அவளுடைய அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். சிரிக்காதீர்கள். இந்தக் கதையில் சிரிக்கக்கூடிய இடம் இது ஒன்றுதான், இருந்தாலும் சிரிக்காதீர்கள்.

கடைசியில் அவள் மதகுக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் நாகராஜனிடம் போய் நின்றாள். (அவர் பெயர் நாகராஜன் இல்லை. ஏன் மாற்றினேன் என்று பின்னால் சொல்கிறேன்.) “அண்ணே, நான் ஓடுனா யாரும் நிறுத்திக் கேக்காதீங்க. மூச்சு போயிடுது. டீ குடிக்க வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லி வுடுங்க.”

அவர் சொன்னார். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொன்னார். அந்தப் பழக்கம் மாற ஒரு வருஷம் பிடித்தது. பிறகு யாரும் நிறுத்தவில்லை. வண்டியில் போகிறவர்கள் கையைத் தூக்குவார்கள், இவளும் கையைத் தூக்குவாள். நாகராஜன் அடுப்படியிலிருந்தே “ஓடு ஓடு” என்பார். சென்னையில் நடக்கப்போகும் முழு மாரத்தானுக்கு இவள் பெயர் கொடுத்தபோது ஊரே ஓடப்போவது மாதிரி பேசிக்கொண்டார்கள்.

4

இதை நான் வேகமாக எழுதிவிடுகிறேன். அவளும் வேகமாகத்தான் சொன்னாள்.

நடவு முடிந்து வயலுக்குத் தண்ணீர் கட்டுகிற சமயம். பக்கிரி இருட்டிலேயே போய்விட்டார். கஸ்தூரி கரைமேல் ஓடிவரும்போது அப்பாவின் வயலைத் தாண்டித்தான் திரும்புவாள். அன்றைக்கு அவர் வரப்பில் உட்கார்ந்து துண்டால் காலைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“பூச்சி தொட்டுடுச்சிமா” என்றார்.

பாம்பைப் பெயர் சொல்லிச் சொல்ல மாட்டோம். ஆனால் அவர் கண்ணால் பார்த்திருந்தார், கண்ணாடிவிரியன். அவருடைய போன் வீட்டில் சார்ஜில் இருந்தது. இவளுடையதும் வீட்டில். சுற்றி ஒரு ஆள் இல்லை.

“பயப்படாத. நல்ல வேளை, ஓடுறவளா பாத்து வந்த. போய் ஒரு வண்டி இட்டாந்துடு.”

ஓடினாள். நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் ஆரம்பத்தில் வேகமாக ஓடமாட்டார்கள். அது அவர்களுடைய முதல் பாடம். அன்றைக்கு அவள் அதை மறந்தாள். கரையிலிருந்து தார்ரோட்டுக்கு வரும்போதே குரல் போய்விட்டது, மூச்சுதான் இருந்தது.

எதிரில் ஒரு பைக். கையைத் தூக்கினாள். அவரும் கையைத் தூக்கிவிட்டுப் போனார்.

கம்பெனி வேலைக்குப் போகிற பிள்ளைகள் இரண்டு வண்டியில் வந்தார்கள். இரண்டு கையையும் தூக்கினாள். ஒருவன் ஹாரன் அடித்து, “இன்னிக்கு ஸ்பீடு ஜாஸ்திக்கா!” என்றான்.

நாகராஜன் கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். ரோட்டின் இந்தப் பக்கத்திலிருந்து கையை ஆட்டினாள். அவரும் கரண்டியோடு கையை ஆட்டினார். “ஓடு ஓடு.”

நடுரோட்டில் நின்று வண்டியை மறிக்கவேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“நிக்கலாம்னே தோணலக்கா. நின்னா நேரம் போயிடும்னு இருந்துச்சி. ரெண்டு வருசமா நிக்காம ஓடத்தான பழகுனேன். அவங்களும் நிக்கல, நானும் நிக்கல.”

ஊர் எல்லையில் பாக்யராஜ் தன் டாட்டா ஏஸ் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனும் சிரிக்கத்தான் ஆரம்பித்தான். இவள் நிற்காமல் வந்து வண்டிமேலேயே விழுந்ததும் துணியைப் போட்டுவிட்டான்.

பக்கிரியைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஆஸ்பத்திரியில் செய்யவேண்டியதை எல்லாம் செய்தார்கள். சிறுநீரகம் போய், மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் என்று கஸ்தூரி டாக்டரிடம் கேட்டிருக்கிறாள். “அப்படி யோசிக்க ஆரம்பிக்காதீங்கம்மா” என்றாராம் அவர். அது ஆமாம் என்கிற பதிலா, இல்லை என்கிற பதிலா என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

5

ஐந்தாம் பகுதி என்னிடம் இல்லை.

அதில் நாகராஜன் கரண்டியைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடி வருவார். “யாருக்கு இன்னா ஆச்சு?” என்று கேட்பார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் வண்டியைக் கிளப்புவார். பக்கிரி பிழைத்துவிடுவார். மாரத்தான் அன்றைக்குப் பக்கிரி சென்னை வெயிலில் நின்றுகொண்டு, இத்தனை பேர் சும்மா ஓடுகிறார்களே என்று வாய்பிளப்பார். கதை எழுதுகிறவளுக்கு இந்த அதிகாரம்கூட இல்லாவிட்டால் எதற்கு எழுதுவது?

எழுதியதைக் கஸ்தூரியிடம் காட்டினேன். கத்துவாள் என்றுதான் நினைத்தேன். அவள் கவுண்டரில் சாய்ந்து நின்று படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

“நடக்காதத எழுதியிருக்கீங்க.”

“கிழிச்சிட்றேன்டி.”

“வேணாங்கா.” தாள்களை நாலாக மடித்தாள். “இத மட்டும் நான் எட்துக்கினு போறேன்.”

கைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். பின்பக்கம் எந்த ஊர் மண் இருந்தது என்று நான் பார்த்து வைக்கவில்லை. அவள் போனபிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதேன். இதை வெட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன், வெட்டவில்லை.

6

பெயர்களைப் பற்றி. “யார் பேரும் போடாதீங்கக்கா. அவங்கதான் எங்கப்பாவ தூக்கினு போனாங்க” என்றாள். கையைத் தூக்கிவிட்டுப் போன அதே ஆட்கள். நாகராஜன் பாடைக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்தார். மாற்றிக்கொள்ள வந்தவர்களிடம் கடைசிவரை கொடுக்கவில்லை. “அவங்க மேல இன்னா தப்பு? கேட்டுக்கினுதான இருந்தாங்க. நான்தான கேக்காதீங்கன்னேன்.”

கருமாதி முடிந்து கொஞ்ச நாளில் அவள் மறுபடி ஓடப் போனாள். ஆய்வேடு கொடுக்கக் கடைசிக் கால நீட்டிப்பு ஓடிக்கொண்டிருந்தது, மூன்றாம் அத்தியாயம் அப்படியே கிடந்தது. மகாலட்சுமியே பெண்ணின் கையில் போனைத் திணித்து, “எட்துக்கினு போ” என்று அனுப்பினாள்.

டீக்கடை எதிரே அவள் வந்ததும் நாகராஜன் பாலை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தார்.

“இன்னாமா? யாருக்கு இன்னா ஆச்சு?”

“ஒண்ணும் இல்லண்ணே. சும்மாதான்.”

“நெசமா? அம்மா நல்லாருக்காங்களா?”

“நல்லாருக்காங்கண்ணே.”

பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இவள் போகும்வரை ரோட்டிலேயே நின்றார். அடுத்த பைக் நின்றது. அதற்கடுத்ததும் நின்றது. ஹாரன் அடித்தவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு மெதுவாகக் கூடவே வந்தான். மதகுக்குமேல் அவளால் போக முடியவில்லை. நடந்து வீடு திரும்பினாள்.

அடுத்தடுத்த நாளும் அதேதான். பிறகு அவள் ஓடுவதை விட்டுவிட்டாள். ஆய்வேடும் நின்றது.

7

நானும் சும்மா இருக்கவில்லை, யோசனை சொன்னேன்.

“டவுன் கிரவுண்டுல போய் ஓடேன்.”

“பஸ் புடிச்சி போயி, ஓடிட்டு, திரும்பி வந்து மாட்ட பாத்துட்டு, மறுபடி பஸ்ஸா?”

“சரி, ஊர்க்காரங்களோட ஒரு அடையாளம் வெச்சிக்க. ஆபத்துன்னா கைய தூக்குறேன்னு சொல்லு.”

“அன்னிக்கும் தூக்குனேனே.”

மெஷினில் தாள் சிக்கியது மாதிரி பாவனை செய்துகொண்டு குனிந்துவிட்டேன்.

மறுபடி ‘கேட்காதீர்கள்’ என்று நாகராஜனிடம் போய்ச் சொல்லலாம். எந்த வாயால் சொல்வது என்கிறாள். சொல்லாவிட்டால் அவர் ஒவ்வொரு நாளும் பாலை விட்டுவிட்டு வருவார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒருத்தி எப்படி ஓடுவாள், எப்படி எழுதுவாள்?

8

முடிவுகள்.

‘கஸ்தூரி ஆய்வேட்டை அப்பாவுக்குச் சமர்ப்பித்து—’

அவளே கிழித்துவிடுவாள்.

‘ஒருநாள் நாகராஜனும் அவளோடு சேர்ந்து—’

அவருக்கு முட்டிவலி. இது கதைக்கே அடுக்காது.

இன்றைக்குச் சாயங்காலம் மூன்றாம் அத்தியாயத்தின் முதல் பக்கத்தை மட்டும் கொண்டுவந்தாள். அதில் அரைப் பக்கம்தான் இருந்தது. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். போகும்போது வாசலில் நின்று, “நாளைக்கு போறேங்கா” என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

அதனால் இனி என்னால் எழுத முடியாது. நாளைக் காலை நான் அந்த ரோட்டில் இருக்கமாட்டேன், கடை திறக்க வேண்டும். நீங்கள் இருப்பீர்கள். ஏரிக்கரை ரோட்டில் வண்டியில் வருகிறீர்கள். இன்னும் சரியாக விடியவில்லை. எதிரே ஒரு பெண் ஓடிவருகிறாள். மூச்சு வாங்குகிறது, பேச முடியாது. உங்களைப் பார்த்ததும் கையைத் தூக்குகிறாள்.

நிறுத்திக் கேட்டால் அவள் ஓட்டம் அங்கேயே நின்றுபோகும். நிறுத்தாமல் போனால்—

ராத்திரி போனில் அவளுக்குப் படித்துக் காட்டும்போது இந்த வாக்கியத்தை நடுவிலேயே நிறுத்தி, முடிக்கவேண்டாம் என்றாள். வண்டி உங்களுடையது. கொஞ்சம் மெதுவாக வாருங்கள். கையை மட்டும் பார்க்காதீர்கள், அவள் முகத்தையும் பாருங்கள்.