எடை குறையும் சிலிண்டர்

சிலிண்டரில் மறுபடியும் அரைக் கிலோ குறைந்திருந்தது. மூன்று தடவை தராசில் தூக்கி வைத்துப் பார்த்தேன். கடைச் சாவி இரண்டே பேரிடம்தான் இருக்கிறது. ஒன்று என்னிடம், இன்னொன்று என்னோடு ஏசி வேலை பார்க்கும் மச்சினனிடம். அப்புறம் என்ன, ஜோசியமா பார்க்க வேண்டும்?

அது சாதாரண கேஸ் இல்லை. பழைய ஏசிகளுக்கு மட்டும் போடுவது, தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள். கழற்றிப் போடுகிற மிஷின்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி, சுத்தம் செய்து, ஒரே ஒரு இடத்துக்காகச் சேர்த்து வைத்திருந்தேன். பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் அறையைக் குளிர வைப்பது ஒரு கிழட்டு ஏசி. அங்கே வாரம் மூன்று நாள் படுத்திருப்பவள் என் அக்கா. அந்த ஏசி நின்றால் அறையை மூடிவிடுவார்கள். அவள் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய் வர வேண்டும். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவள்.

அந்த ஏசியில் எங்கோ கசிவு. இரண்டு நாள் அறையைக் காலி செய்து கொடுங்கள், கண்டுபிடித்து அடைக்கிறேன் என்றேன். தலைமை நர்ஸ் முடியாது என்றார்.

"அப்ப கசிவ அடைக்காம நான் கேஸ் போட மாட்டேன்!" என்று கத்திவிட்டு வந்தேன். என் தொழிலில் அது சட்டம். வாராவாரம் காற்றில் விட எனக்கென்ன பைத்தியமா? அதன்பிறகு அங்கிருந்து ஒரு புகாரும் வரவில்லை. நான் போட்ட சத்தத்தில் மிஷின்கூட அடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மச்சினனைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தேன். போன் வந்தால் வெளியே போய்ப் பேசினான்.

"யாருடா?"

"ராங் நம்பர் மாமா."

ராங் நம்பரோடு நாலு நிமிஷமா பேசுவான்? யார் காதில் பூ சுற்றுகிறான்!

"உன் தம்பி கேஸைத் திருடி விக்கிறான்" என்றேன் மனைவியிடம்.

"வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க. அவனையே கேளுங்க."

"கேட்டா ஒத்துக்குவானாக்கும்! கையும் களவுமா பிடிக்கிறேன், பாரு."

ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கடைக்குப் போனேன். நல்ல கேஸை வேறு சிலிண்டருக்கு மாற்றி, வீட்டில் கட்டிலடியில் ஒளித்தேன். பழைய சிலிண்டரில், கருகிப்போன கம்ப்ரசர்களிலிருந்து எடுத்த கழிவு கேஸை அதே எடைக்கு நிரப்பினேன். அமிலம் கலந்தது, அழிக்க அனுப்புவதற்காக வைத்திருந்தது. வாங்குகிறவனின் மிஷின் நாலே நாளில் படுத்துவிடும். சண்டை போடக் கடைக்கு வருவான். நான் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன்.

செவ்வாய்க்கிழமை அரைக் கிலோ குறைந்தது. மாட்டினான் என்று மனசு குதித்தது. சனிக்கிழமை காலை வரை சண்டைக்கு ஒருத்தனும் வரவில்லை. தலைமை நர்ஸின் போன்தான் வந்தது.

"ஏசி நின்னுடுச்சு. உடனே வாங்க."

மச்சினனோடு ஓடினேன். குழாயைக் கழற்றியதுமே அந்தக் கருகல் நாற்றம் மூக்கில் ஏறியது. எனக்குத் தெரிந்த நாற்றம். ஞாயிற்றுக்கிழமை நான் நிரப்பிய கேஸின் நாற்றம்.

மச்சினன் திருதிருவென்று விழித்தான். "மாமா, திட்டாதீங்க. வாராவாரம் நான்தான் கேஸ் போட்டேன். நம்ம சிலிண்டர்லேருந்துதான். மூணு வாரம் நல்லாத்தானே ஓடுச்சு?"

நல்ல கேஸ் கட்டிலடியில் பத்திரமாக இருந்தது. கம்ப்ரசர்தான் கருகிவிட்டது, இந்த மாடலுக்கு இனி எங்கே தேடினாலும் வேறு கிடைக்காது.

உள்ளே ஆறு கட்டில்களும் காலி. அக்கா மட்டும் பையை மடியில் வைத்துக்கொண்டு நடைவழியில் உட்கார்ந்திருந்தாள். கையில் வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்த சீட்டு.

"அவன ஒண்ணும் சொல்லாதடா" என்றாள். "நீ கேஸ் போடாம போனப்ப வேர்த்துக் கொட்டி மயக்கமா வந்துச்சு. நான்தான் போன் பண்ணி வரச் சொன்னேன்."

"என்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"உன்கிட்டயா? நீ கத்துவியேடா."

மச்சினன் அழுதுவிட்டான். "என் தப்புதான்க்கா. நான் ஏதோ சரியா செய்யல."

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. "அவன் இல்லக்கா, நான்தான்" என்று ஆரம்பித்தேன். சந்தேகம், கழிவு கேஸ், கட்டிலடி, எல்லாவற்றையும் சொன்னேன்.

"வாக்கா, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று அவள் பையை வாங்கக் கை நீட்டினேன்.

அக்கா பையை மச்சினனிடம் கொடுத்தாள்.

"நீ வாப்பா. பஸ்ஸுக்கு நேரமாச்சு."