மண்டிக்காரர் நாய்க்குக் காது நிமிர்த்தியது

இடுப்பு பிடித்துக்கொண்டது. விடிந்ததிலிருந்து ஏழு மாட்டுக்கு லாடம் அடித்திருந்தேன். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, நாலு காலையும் கட்டிவிட்டால் அது பாட்டுக்குப் படுத்திருக்கும். குனிந்து கிடப்பது நான். பார்க்கிறவனுக்குத் தண்டனை யாருக்கு என்றே சந்தேகம் வரும்.

அப்போதுதான் கோவர்த்தனன் வந்தார். சித்தூரில் வெல்ல மண்டி வைத்திருப்பவர். அவருடைய வண்டி மாடு நாற்பதுக்கும் நான்தான் லாடம். அந்த நாற்பதும் போனால் என் வீட்டு அடுப்பில் பூனை படுத்துக்கொள்ளலாம். அவர் கையில் ஒரு இங்கிலீஷ் பத்திரிகைப் படம், பின்னால் சங்கிலியில் ஒரு நாய். சீமைக்குக் கப்பலேறப் போன பெங்களூர் துரை ஒருவரிடம் வாங்கினது. காது இரண்டும் வாடின வெற்றிலைபோலத் தொங்கும்.

"டேய் கன்னையா, இது படத்துல கீற நாய். இது என் நாய். ரெண்டும் ஒரே ஜாதி. என்னா வித்தியாசம், சொல்லு."

"படத்துல கீறது துன்னாது மொதலாளி."

"காதுடா! அதுக்கு நிக்குது பாரு, ஈட்டி மாதிரி. வெள்ளக்காரன் வெட்டி நிமித்துறான். இதுக்கும் நிமித்தணும். மாசி மாசம் எல்லை பாக்குற ஆபீசர் வராரு. நம்ம வூட்லதான் சாப்பாடு."

சித்தூர் தமிழனுக்கா, ஆந்திராவுக்கா என்று அடித்துக்கொண்டிருந்த சமயம் அது. மண்டிக்காரர் கெட்டிக்காரர். கிழக்குச் சுவரில் தமிழ்ப் பலகை, மேற்குச் சுவரில் தெலுங்குப் பலகை. நாய்க்குக்கூட இரண்டு பெயர். தமிழ்க்காரர் வந்தால் 'புலி', தெலுங்குக்காரர் வந்தால் 'பெத்தபுலி'. எப்படிக் கூப்பிட்டாலும் அது வராது.

சித்தூரில் மாட்டு டாக்டர் இல்லை. பழையவர் மாறிப் போய்விட்டார். புதியவருடைய பைல் பழைய தலைநகர் சென்னைக்கும் புதுத் தலைநகர் கர்னூலுக்கும் நடுவில் எங்கேயோ படுத்திருந்தது. அதனால் நாயைத் திருப்பதிக்குக் கூட்டிப்போகும் பாக்கியம் எனக்கு வந்தது. பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் படுத்து, வழி முழுக்க என் பாதத்தின்மேல் தாடையை வைத்துக்கொண்டு தூங்கியது.

டாக்டர் பேர் வேதாந்தம். பளிச்சென்று நாமம்.

"என்ன நோய்?"

"நோயில்ல சாமி. காது தொங்குது."

"தொங்கட்டுமே. பகவான் அப்படி வச்சிருக்கார்."

"வெட்டி நிமித்தணும்னு மொதலாளி சொல்றாரு."

நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். "அழகுக்காக ஒரு ஜீவனை வெட்டறதா? மகாபாவம்! இந்தக் கை அதைப் பண்ணாது."

"மாட்டுக்குக் காயடிக்கிறீங்களே சாமி?"

"அது உழவுக்கு. உபயோகம் இருக்கு."

"இதுவும் அவருக்கு உபயோகந்தானாம். ஆபீசர் பயப்படணுமாம்."

அவர் சிரிக்கவில்லை. நானும் விடவில்லை.

"சரி, நீங்க வெட்டாதீங்க. கடைசில அது என் தலைலதான் வந்து வுழும். மரத்துப்போற மருந்து கொஞ்சம் குடுங்க சாமி. அதுக்காவது வலிக்காம இருக்கட்டும்."

"நன்னா இருக்கு! மருந்து குடுத்தா அந்தப் பாவத்துல நானும் பங்காளி ஆயிடுவேனே!"

"அப்ப வெட்டக் கூடாதுன்னு ஒரு காயிதமாச்சும் எழுதிக் குடுங்க. சர்க்கார் டாக்டர் எழுதினா அவரு பயப்படுவாரு."

"பழைய காகிதத்துல சென்னை சர்க்கார்னு அச்சடிச்சிருக்கு. புதுசு இன்னும் வரலை. நீ வாயால சொல்லு, போதும்."

தர்மத்துக்கே லெட்டர்பேடு வரவில்லை என்றால் லாடக்காரன் என்ன செய்வது? திரும்பி வந்து வாயால் சொன்னேன். மண்டிக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சரி. அப்ப நீயே வெட்டு. இல்லன்னா சொல்லு, வேலூர்லேர்ந்து ஒரு லாடக்காரன் வரேன்னு சொல்லிக்கினு கீறான். நாப்பது மாடும் அவனுக்கு."

வீட்டில் ஜெயம்மாவிடம் சொன்னேன். என் பெண்டாட்டி களி கிளறிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"அந்தாளு பொஞ்சாதிக்கு மூக்கு சப்பையாத்தான் கீது. போறதுதான் போற, அதையும் நிமித்திக் குடுத்துட்டு வாய்யா."

"நாப்பது மாடுடி."

அவள் களியை ரொம்ப நேரம் கிளறினாள்.

மறுநாள் மாட்டைக் கட்டுகிற மாதிரியே நாயைக் கட்டினேன். கட்டுகிற கையை அது நக்கிக்கொண்டிருந்தது. விளையாட்டு என்று நினைத்திருக்கும். மாட்டுக்கு நான் மூக்கணாங்கயிறு குத்தியிருக்கிறேன், சூடு போட்டிருக்கிறேன், காயடித்திருக்கிறேன். எல்லாம் வேலைக்கு என்று ஒரு சமாதானம் இருந்தது. படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து வெட்டினது அன்றைக்குத்தான். முதல் காது முடிந்ததும் அது கத்துவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தது. இரண்டாவதையும் வெட்டினேன். மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துக் கட்டினேன்.

கனம் குறைந்தால் காது தானாக எழுந்து நிற்கும் என்பது எங்கள் கணக்கு. நிற்கவில்லை. மிச்சமிருந்ததும் தொங்கியது.

"என்னாடா இது?" என்றார் மண்டிக்காரர்.

எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். கன்றுக்குக் கொம்பு கோணலாக முளைத்தால் குறுக்கே மூங்கில் வைத்துக் கட்டி நிமிர்த்துவோம். அப்படியே நாய்க்கும் கட்டினேன். தலையில் நுகத்தடியோடு அது ஆறு வாரம் திரிந்தது. வாசற்படியில் நேராக நுழைய முடியாது, பக்கவாட்டில் நுழையக் கற்றுக்கொண்டது. "பாத்தியா, புத்திசாலி நாய்" என்று மண்டிக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் பெருமைப்பட்டார்.

மாசியில் கட்டை அவிழ்த்தோம். காது நின்றது. ஒன்று சென்னையைப் பார்த்து, இன்னொன்று கர்னூலைப் பார்த்து. ஓரமெல்லாம் கருகின அப்பளம்.

ஆபீசர் வந்தார். வடை, பாயசத்தோடு சாப்பிட்டார். கை கழுவப் போனவர் நாயைப் பார்த்து நின்றுவிட்டார். தமிழில்தான் கேட்டார்.

"அடப்பாவமே, இதுக்கு என்ன குஷ்டமா?"

மண்டிக்காரர் படக்கென்று சொன்னார்: "எல்லைத் தகராறு சார். ரவுடிப் பசங்க வெட்டிட்டானுங்க."

"எந்தப் பக்கத்து ரவுடி?"

"நீங்க எந்தப் பக்கம் சார்?"

ஆபீசர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். ஜீப் திரும்பினதும் மண்டிக்காரர் சங்கிலியை என்மேல் வீசினார். "இந்த மூஞ்சிய இனிமே நான் பாக்கக் கூடாது. ஓட்டிக்கினு போ."

ஓட்டிக்கொண்டு வந்தேன். ஜெயம்மா போட்டால் தின்னும். நான் போட்டால் கிண்ணம் அப்படியே கிடக்கும். மூடுகிற மடல் இல்லாததால் மழைத்தண்ணீர் உள்ளே போகும், ஈ போகும், சீழ் வைக்கும். ஒருமுறை திருப்பதிக்கே தூக்கிக்கொண்டு போனேன். வேதாந்தம் காசு வாங்காமல் பக்குவமாகத் துடைத்து மருந்து விட்டார்.

"எந்தப் படுபாவி இப்படி வெட்டினான்?"

"மருந்து கேட்டு வந்தேனே சாமி, அந்தப் படுபாவிதான்."

அவர் பஞ்சைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார். அவர் கை சுத்தம், அதில் சந்தேகமே இல்லை. அவர் சுத்தமாக இருந்ததில் நாய்க்குக் கிடைத்த லாபம், மருந்தில்லாமல் வெட்டுப்பட்டது.

எல்லைத் தகராறும் முடிந்தது. திருத்தணி தமிழனுக்கு, சித்தூர் ஆந்திராவுக்கு. மண்டிக்காரர் தமிழ்ப் பலகையைக் கழற்றி வெந்நீர் அடுப்பில் வைத்தார். நாற்பது மாடும் இன்றைக்கும் என்னிடம்தான் வருகிறது. அந்தக் கூலியில்தான் நானும் ஜெயம்மாவும் சாப்பிடுகிறோம், நாயும் சாப்பிடுகிறது. நான் கயிற்றை எடுத்தால் மட்டும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடும்.

அதற்கு நான் இரண்டு காது பாக்கி.