ஆள் கணக்கு

விசாரணை அறையில் மின்விசிறி ஓடவில்லை. அந்தப் புழுக்கத்திலும் அண்ணி துப்பட்டாவை இழுத்துப் போர்த்தி உட்கார்ந்திருந்தாள். பால் இன்னும் நிற்கவில்லை. தையல் ஆலையில் அவளுக்கும் எனக்கும் அடுத்தடுத்த மெஷின். அவளுக்கு வலி எடுத்தபோது, ஆர்டர் முடியாமல் யாரும் வெளியே போகக்கூடாது என்று சூப்பர்வைசர் கேட்டைத் திறக்கவில்லை. கழிவறையில் தனியாகப் பெற்றாள். நான் கதவை உடைத்து உள்ளே போவதற்குள் பிள்ளை அடங்கிவிட்டது. அதற்கு முன்னால் ஒரு தடவை வீறிட்டு அழுதது. எனக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டது.

செத்த பிள்ளைக்கு நியாயம் கேட்டுத்தான் வந்திருந்தோம். மூச்சுவிட்டுப் பிறந்தால்தான் சட்டத்துக்கு அது ஆள், இல்லையென்றால் யாரும் செத்ததாகவே கணக்கில்லை என்று எங்கள் வக்கீல் சொல்லியிருந்தார். அழுததைச் சொன்னால் போதும் என்று அண்ணி நம்பினாள்.

கம்பெனி வக்கீலின் குரலில் தேன் ஒழுகியது. "குழந்த அழுதுச்சாம்மா? யோசிச்சுச் சொல்லு. அழுதுச்சுன்னா உசுரோட பொறந்திருக்கு. அப்ப கூட இருந்தது நீ ஒருத்திதான். எப்படிச் செத்துச்சுன்னு போலீஸ் உன்னத்தான் கேக்கும்."

எங்கள் வக்கீல் காகிதத்துக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார். பாவி, இதை முன்பே சொல்லித் தொலைத்திருக்கலாம். வீட்டில் மூத்தவளுக்கு இன்னும் மழலைகூடத் திருந்தவில்லை. தாய் உள்ளே போனால் அதற்கு யார் இருக்கிறார்கள்? அண்ணி என்னைப் பார்த்தாள். முன்னால் போனால் கடிக்கிறது, பின்னால் வந்தால் உதைக்கிறது.

"அழல," என்றாள் அண்ணி.

விசாரணை அதிகாரி சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் அடித்தார்: நபர் எவரும் இறக்கவில்லை. அதோடு விட்டிருக்கலாம். கம்பெனி வக்கீல் எழுந்து, கம்பெனியும் சட்டப்படி ஒரு நபர்தான், வீண்பழியால் அதன் பெயர் கெட்டிருக்கிறது, இந்தம்மா மன்னிப்புக் கேட்டால் மேற்கொண்டு வழக்குப் போடாமல் பெருந்தன்மையாக விட்டுவிடும் என்றார். அதிகாரியும் தலையாட்டினார். சிரிப்பதா செருப்பைக் கழற்றுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

"யார்கிட்டங்க கேக்கணும்?" என்றாள் அண்ணி.

கம்பெனி வக்கீல் சுற்றுமுற்றும் பார்த்தார். கம்பெனியிலிருந்து சூப்பர்வைசர்கூட வந்திருக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த தன் பையை எடுத்துத் தரையில் வைத்தார்.

அண்ணி எழுந்து, அந்த நாற்காலியைப் பார்த்துக் கைகூப்பினாள்.