ஆட்டம் எடுக்காத படம்

மூட்டை தூக்கித் தூக்கி ஒரு பக்கம் சாய்ந்துபோன தோளோடு அவர் அந்தக் கடைக்குள் நுழைந்தார். பின்னாலேயே அக்கா. பழைய படச்சுருள்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கிற கடை அது. அம்மா வேலை பார்த்த வீட்டை இடிக்கிறார்கள். அந்த வீட்டுக்காரரின் மகள் சாமான்களை ஒழித்தபோது பரணில் ஒரு தகர டப்பா கிடைத்திருக்கிறது. "உங்க குடும்பமும் இதுல இருக்கு" என்று கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் நடை பழகிய வயதில் அம்மா இறந்துவிட்டாள். ஒரு போட்டோகூடக் கிடையாது. அந்த முகத்தை ஒரே ஒரு தரம் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது.

"டப்பாவைத் தொறந்ததும் ஒரே புளிச்ச வாடைண்ணே" என்றாள் கடைக்காரப் பெண். "தொட்டுத் தொட்டுத் துடைச்சு, ஒவ்வொரு படமா ஏத்தினேன். மொத்தமும் செவசெவன்னு வெளிறிக் கெடந்துச்சு. நெறத்தைத் திருப்பிக் கொண்டாந்துட்டேன்."

"அப்படியே இவனுக்கும் ஒரு நெறத்தைக் குடுத்துடு கண்ணு" என்றாள் அக்கா.

திரையில் முற்றம் வந்தது. இத்தனை பச்சையா அங்கே இருந்தது! நரை இல்லாத அப்பா முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வீட்டுக்காரர் நின்று சிரித்தார். கதவோரம் வீட்டுக்காரரின் மனைவி. இரட்டைப் பின்னலோடு ஒரு பெண் வந்து நாக்கைத் துருத்தினாள்.

"நாக்கைப் பாரு. அப்பவே அவ்வளவு நீளம்."

"வாயை மூடிட்டுப் பாருடா."

நழுவுகிற கால்சட்டையைப் பிடித்தபடி ஒரு பொடியன் தள்ளாடி வந்தான்.

"அது நானா?"

"வேற எவனுக்கு டவுசர் நிக்காது?"

படம் முடிந்துவிட்டது.

"அம்மா எங்கக்கா?"

அக்கா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "எல்லாரும்தான் உள்ள நிக்கிறாங்களேடா. அவங்க பொண்ணு அப்போ பொறக்கவே இல்ல. அப்போ கேமராவை யாரு பிடிச்சிருப்பா? அம்மாதான்."

இருந்த ஒரு படத்திலும் அம்மா கேமராவுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டாள்.

"பழக்கமில்லாத கைன்னு பாத்ததும் தெரிஞ்சுது" என்றாள் அந்தப் பெண், தேற்றுகிற குரலில். "அவ்வளவு ஆட்டம்ணே. அதை நிறுத்தறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு."

அக்கா நிமிர்ந்தாள். "எப்படி ஆடுச்சு? அந்த ஆட்டத்தோடயே காட்டு."

துடைத்த சுருளிலிருந்து முதலில் ஏற்றியதைக் கடைக்காரப் பெண் அப்படியே ஓட்டினாள். சிவப்பு, கீறல், புள்ளி. முற்றம் இடப்பக்கம் சாய்ந்தது. ஒரு சின்ன உதறல். நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது. மறுபடி உதறல்.

அக்கா அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "அம்மா நடக்குறாடா."

அம்மாவுக்கு ஒரு கால் குட்டை என்று அவர் கேள்விப்பட்டதுதான். இப்போது முற்றமும் அப்பாவும் கதவும் அந்தக் காலுக்குத் தகுந்தபடி சாய்ந்து சாய்ந்து எழுந்தன.

கடைக்காரப் பெண் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "கடைசில கொஞ்சம் வெட்டிட்டேன்ணே. வெறும் தரைதான் தெரிஞ்சுது. போடவா?"

"போடும்மா."

பொடியன் கேமராவை நேராகப் பார்த்து இரண்டு கையையும் தூக்கினான். படம் புரண்டது. அப்புறம் தரை. பையனைத் தூக்கிக்கொண்ட அம்மா, கேமராவை மற்றக் கையில் தொங்கவிட்டாள். பொத்தானிலிருந்து விரலை எடுக்க மறந்துபோனாள். தரைமேல் ஒரு நிழல் போனது. பெரிய தலை ஒன்று, அதை ஒட்டிச் சின்னத் தலை ஒன்று. சாய்ந்து, உதறி, நிமிர்ந்து போனது.

முகம் இல்லை. ஆனால் அந்த ஆட்டம் அவருக்குப் புதிதாக இல்லை. எங்கே, எப்போது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. உடம்புக்குத் தெரிந்திருந்தது. நாற்காலியில் இருந்தபடியே அவர் லேசாக ஆடிக்கொண்டிருந்ததை அக்காதான் பார்த்தாள். கேலி செய்ய வாயெடுத்தவள் சும்மா இருந்துவிட்டாள்.

"நெறம் இருக்கட்டும். ஆட்டத்தைத் தொடாதம்மா. வெட்டினதையும் சேத்துடு" என்றார் அவர்.

"பாக்குறவங்களுக்குத் தலை சுத்துமேண்ணே."

"சுத்தட்டும்" என்றாள் அக்கா.

"இன்னொரு வாட்டி போடும்மா."

நிழல் மறுபடி கிளம்பியது, அவரைத் தூக்கிக்கொண்டு.