பால் ஊற்றக் கூடாத கல்

நைட்ரஜன் கூடினால் மலைச் செடிகளும் மண்ணின் நுண்ணுயிர்களும் என்ன ஆகும்? இதை ஆராய, கிரிவலப் பாதையோரச் சரிவில் அபிநயா இரண்டு பாத்தி பிரித்தாள். ஒன்றில் யூரியா போட்டாள். ஒன்றுமே போடக் கூடாத பாத்தியில் அடையாளத்துக்குக் கல் நட்டாள். திருவண்ணாமலையில் போய்க் கல் நடுவார்களா?

பௌர்ணமி முடிந்து வந்து பார்த்தால் கல்லுக்குக் குங்குமம், பாத்தி முழுக்கப் பால்.

"பால்லயும் நைட்ரஜன் இருக்குங்க!" என்று பூக்காரி தங்கம்மாளிடம் கத்திவிட்டுப் பலகை வைத்தாள்: 'இங்கே நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. பால் ஊற்றாதீர்கள்.'

அடுத்த பௌர்ணமிக்குப் பலகைக்கும் மாலை விழுந்திருந்தது. பாத்தியெல்லாம் தயிர்.

"நுண்ணுயிர்நாதருக்குப் பால் ஆகாதுனு நீதானேம்மா எழுதி வெச்ச?" என்றாள் தங்கம்மாள், தயிர்சாதத் தொன்னையை நீட்டியபடி.