முனியாண்டிக்கு விட்ட சேவல்

எங்கள் வீட்டுச் சேவல் யாரையும் ஒன்றும் செய்யாது. என் மருமகள் மாதவியைக் கண்டால் மட்டும் கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு பாயும். இது போதாதா எனக்குச் சந்தேகம் வர?

சும்மா சேவலா அது? மகன் கிஷன் மோட்டார் சைக்கிளில் விழுந்து உயிர் பிழைத்தபோது முனியாண்டிக்கு நான் நேர்ந்து விட்டது. ஆடிப் பூசை வரைக்கும் வெட்டக் கூடாது, விற்கக் கூடாது. கூண்டில் அடைக்கவும் எனக்கு மனசு வரவில்லை. சாமிக்கு விட்ட உயிர் காரணமில்லாமல் ஒருத்தி மேல் பாயுமா? இந்தப் பண்டமாரான் ஊரில் முப்பது வருஷமாகக் கோழி வளர்க்கிறேன், எனக்குத் தெரியாதா!

போதாததற்கு, என் மூன்று பெட்டைகளுக்கும் முதுகில் இறகு கொட்டித் தோல் புண்ணாகிக்கொண்டே வந்தது. கல்யாணமாகி வந்த முதல் வாரமே, "அத்தை, அஞ்சு மணிக்கே கூவுது, தூங்கவே முடியல லா" என்று அலுத்துக்கொண்டவள் இவள். அதை நான் மறக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், மாதவி கொல்லையில் குந்திக்கொண்டு ஒரு பெட்டையை மடியில் அமுக்கிப் பிடித்திருக்கிறாள். அது கத்துகிறது. சேவல் எகிறி எகிறி அவள் காலை உதைக்கிறது. ஜன்னலிலிருந்தே கத்தினேன்.

"அடிப்பாவி! வாயில்லா ஜீவனோட இறகையா பிடுங்குற? சாமியே காட்டிக் குடுக்குது பாரு!"

"இல்ல அத்தை, நான் மருந்து..."

"வாய மூடு!"

அக்கம்பக்கமெல்லாம் எட்டிப் பார்த்தது. மாதவி பெட்டையை மெதுவாக இறக்கிவிட்டு உள்ளே போனாள். மத்தியானமே பையைத் தூக்கிக்கொண்டு பந்திங்கில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். கிஷனும் அவள் பின்னாலேயே போனான். போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அந்தப் பெட்டையைக் கையில் எடுத்தேன். புண்ணில் மஞ்சள் குழைத்த தேங்காயெண்ணெய் அழகாகத் தடவியிருந்தது. பெட்டை கத்தியதுதான் தாமதம், சேவல் என் முழங்காலில் பாய்ந்தது. அதன் கால் முள் குத்தி ரத்தம் வந்துவிட்டது. ஐயோ என்று பெட்டையைக் கீழே போட்டேன். அடுத்த நிமிஷம் அதன் முதுகில் ஏறி மிதித்து, நகத்தால் அதே புண்ணைக் கிழித்தது அந்தச் சேவல்.

இந்த முப்பது வருஷத்தில் எந்தச் சேவலை நான் முள் முற்றும் வரை விட்டுவைத்தேன்? எல்லாம் இளசிலேயே குழம்புக்குப் போனவை. வயசான சேவலின் குணம் எனக்கு என்ன தெரியும்? அந்தப் பெண் தினமும் உதை வாங்கிக்கொண்டு என் கோழிக்கு மருந்து போட்டிருக்கிறாள்.

சேவலைப் பிடித்துக் கூண்டில் போட்டுவிட்டுப் போன் போட்டேன்.

"மாதவி, எல்லாம் அந்தச் சேவல் செஞ்ச வேலைம்மா. தனியா அடைச்சிட்டேன். நீ வந்துரு."

"பெட்டைங்களுக்கு மருந்து போட்டீங்களா?"

"போட்டேன்மா."

"நல்லது. சேவல் மேல எனக்குக் கோவமே இல்ல அத்தை."

போனை வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட எனக்குக் கை வரவில்லை.